கொஞ்சம் கலரா

ஜூலை 8, திங்கள்

பேச்சி இன்று பள்ளிக்கு வரவில்லை.

வருகை எடுக்கும்போது டீச்சர் "முத்துப்பேச்சி" என்று இரண்டு தடவை கூப்பிட்டார். இரண்டாவது தடவை பின்னாலிருந்து சிரிப்புச் சத்தம் வந்தது. அவள் உட்காரும் இடத்தில் என் பையை எடுத்து வைத்துக்கொண்டேன்.

இதைப் போன வருட அறிவியல் நோட்டின் பின்பக்கத்தில் எழுதுகிறேன். போனின் டார்ச் வெளிச்சம் போதும். அம்மா எழுந்து வந்தால் நோட்டைத் திருப்பிவிடலாம். முன்பக்கத்தில் இதயத்தின் படம் வரைந்து பாகங்கள் குறித்திருக்கிறேன்.

நேற்று சாயங்காலம் இன்ஸ்டாவில் 'கடைசி பெஞ்ச் பஞ்சாயத்து' என்ற பக்கத்தில் பேச்சியின் இரண்டு படங்களைச் சேர்த்துப் போட்டுவிட்டார்கள். அந்தப் பக்கத்தை நடத்துவது யாரென்று பள்ளியில் யாருக்கும் தெரியாது. ஒன்று அவளுடைய சடங்கு ஃபிளக்ஸில் வந்த படம். ஏழாம் வகுப்பில் அவள் பெரிய மனுஷி ஆனபோது தீப்பெட்டி ஆபீஸ் தெருமுக்கில் அந்த ஃபிளக்ஸ் ஒரு வாரம் நின்றது. அதில் அவள் ரோஸ் நிறத்தில் இருப்பாள். பட்டுப்புடவை, ஒட்டியாணம், பின்னால் மயில். இன்னொன்று அந்த ஃபிளக்ஸ் செய்வதற்காக அவள் அப்பா கொடுத்த படம். ஓலைத் தடுப்புக்குள் மாமாவின் சட்டையைப் போட்டுக்கொண்டு, எண்ணெய் வழியும் தலையோடு, அழுது வீங்கிய முகத்தோடு உட்கார்ந்திருக்கிறாள். பன்னிரண்டு வயது. கறுப்பாக இருக்கிறாள்.

மேலே, 'கடைக்குப் போகும் முன், கடைக்குப் போன பின்' என்று எழுதியிருந்தது.

காலைக்குள் அறுநூற்றுப் பன்னிரண்டு பேர் இதயம் அழுத்தியிருந்தார்கள். "டார்க் மோடை யாருப்பா ஆஃப் பண்ணது?" என்று ஒருவன். "எந்தக் கடை சோப்பு அக்கா?" என்று ஒருத்தி.

யாரோ அனுப்பியிருக்கிறார்கள்.

ஜூலை 9, செவ்வாய்

இன்று குடிதண்ணீர் வரும் நாள். நாலரை மணிக்கே அம்மா எழுப்பிவிட்டாள். பதினாறு குடம். பிறகு இட்லி. பிறகு பள்ளி.

பேச்சி வரவில்லை. அவளுடைய 'பேச்சி பேசுதா' பக்கத்தில் புதிதாக எதுவும் இல்லை. சாதாரணமாக வாரத்துக்கு மூன்று ரீல்ஸ் போடுவாள். மினி பஸ் கண்டக்டர், எங்கள் கணக்கு டீச்சர், தண்ணீர்க் குழாயில் சண்டை போடும் அக்காக்கள், எல்லாரும் அவளுக்குள் இருக்கிறார்கள். குழாய்ச் சண்டையை நாற்பத்தோராயிரம் பேர் பார்த்தார்கள். கோவில்பட்டியில் பாதி ஊர் பார்த்திருக்கும்.

அதையெல்லாம் படம் பிடித்தது நான். எழுத வேண்டும் என்று தோன்றியது, எழுதிவிட்டேன்.

ஜூலை 10, புதன்

கணக்கு நோட்டு கொடுக்கிற சாக்கில் பேச்சி வீட்டுக்குப் போனேன். அவள் அம்மா வாசலில் தீக்குச்சி அடுக்கிக்கொண்டிருந்தாள். "வா வதனி. நீயாவது வந்தியே. சாப்பிட மாட்டேங்கா, குளிக்க மாட்டேங்கா. நீ சொன்னாக் கேப்பா" என்றாள்.

பேச்சி சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள். நான் உட்கார்ந்ததும் திரும்பி என் மடியில் தலையை வைத்துக்கொண்டாள்.

"அந்தப் படத்த நானே மறந்துட்டேன் பிள்ள. அன்னைக்கி வயித்துவலி. வெளிய வரக் கூடாதுன்னுட்டாங்க. அப்பா போன எடுத்துட்டு வந்து, 'சிரி தாயி, ஃபிளக்ஸுக்குக் குடுக்கணும்'னாரு. எனக்குச் சிரிக்க வரல."

"ம்."

"கறுப்புன்னு சொன்னாக்கூடப் பரவால்ல. நான் கறுப்புதான. என் வீடியோ எல்லாத்துலயும் கறுப்பாத்தான இருக்கேன். ஆனா அது என் அழுகைட்டி. அதப் போயி அறுநூறு பேரு பாத்துச் சிரிச்சிருக்கான்."

அவள் தலையில் பேன் பார்ப்பதுபோல் விரலை வைத்துக்கொண்டிருந்தேன். எடுக்கத் தெரியவில்லை.

"யாரு குடுத்திருப்பா?" என்று கேட்டாள். "அப்பா போனு அப்பவே தண்ணியில விழுந்து செத்துப்போச்சு. அந்தப் படம் ஒங்க கடையில மட்டுந்தான் இருக்கும்."

எங்கள் கடைக்குப் பெயர் மதிவதனி டிஜிட்டல்ஸ். என் பெயர்தான். கீழே கடை, மேலே வீடு. கல்யாணம், காதுகுத்து, சடங்கு, கண்ணீர் அஞ்சலி எல்லாவற்றுக்கும் அப்பாதான் ஃபிளக்ஸ் அடித்துக் கொடுக்கிறார்.

"தெரியலட்டி" என்றேன்.

ஜூலை 11, வியாழன்

இன்று எண்ணூற்று நாற்பது.

ஜூலை 12, வெள்ளி

பேச்சியின் அப்பா மாடசாமி மாமா கடைக்கு வந்தார். நான் பள்ளி விட்டு வந்து, தரையில் உட்கார்ந்து ஒரு கண்ணீர் அஞ்சலி ஃபிளக்ஸுக்கு ஓரத்தில் கயிறு கட்டும் வளையம் அடித்துக்கொண்டிருந்தேன். அவர் தீப்பெட்டி ஆபீஸில் மூட்டை தூக்குகிறவர். கத்துவார் என்று நினைத்தேன். கத்தவில்லை. யாருடைய போனையோ வாங்கி வந்திருந்தார். படத்தைத் திறந்து மேஜையில் அப்பா முன்னால் வைத்தார்.

"அண்ணாச்சி, நீங்க பிள்ள பெத்தவுகன்னுதான் இந்தப் படத்த ஒங்க கையில குடுத்தேன்."

அப்பாவுக்கு முகம் மாறிவிட்டது. "மாடசாமி, சத்தியமா எனக்குத் தெரியாதுப்பா."

"அப்ப யாருக்குத் தெரியும்?"

கம்ப்யூட்டரில் உட்காருகிறவர்கள் இரண்டு பேர்தான். அப்பாவும் ஸ்டெல்லா அக்காவும். ஸ்டெல்லா அக்கா ஆறு வருடமாக டிசைன் செய்கிறாள். முப்பத்திரண்டு வயது, அம்மாவும் அவளும் மட்டும். டிசைன் கேட்டு வருகிறவர்கள் கடைசியில் எல்லாரும் ஒரே வார்த்தைதான் சொல்வார்கள். "பாப்பாவக் கொஞ்சம் கலரா போட்டுருங்க." அக்கா மானிட்டரைப் பார்த்தபடி, "ஒங்களுக்கு எத்தனை ஸ்பூன்?" என்பாள். காப்பிக்குச் சர்க்கரை கேட்பதுபோல. யாருக்கும் புரியாது. நான் மட்டும் சிரிப்பேன்.

அப்பா அவளைத் திரும்பிப் பார்த்தார்.

"சார், என்னையவா பாக்கீங்க?" என்றாள் அக்கா.

மாடசாமி மாமாவும் அவளைத் திரும்பிப் பார்த்தார். நான் வளையம் அடித்துக்கொண்டே இருந்தேன். தப்பான இடத்தில் இரண்டு அடித்துவிட்டேன். இறந்த தாத்தாவின் தோளில் ஒரு ஓட்டை விழுந்தது.

ஜூலை 13, சனி

ஸ்டெல்லா அக்காவை வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள்.

அவள் டிபன் பாக்ஸையும் நாற்காலியில் போட்டிருந்த குஷனையும் எடுத்துக்கொண்டாள். மாடிப்படியில் நான் நிற்பதைப் பார்த்தாள்.

"நல்லாப் படி வதனி. யாரு கண்டா, நீயாவது ஏசி ரூம்ல உக்காரு" என்று சொல்லிவிட்டுச் சிரித்தாள். கண் சிவந்திருந்தது.

"அக்கா" என்றேன்.

மத்தியானம் அம்மா கத்தரிக்காய்ப் புளிக்குழம்பு வைத்தாள். அப்பா இரண்டாம் தடவை சோறு வாங்கவில்லை. "அவ செஞ்சிருக்க மாட்டாளோன்னு ஒரு எண்ணம் வருது" என்றார். "பொறவு யாரு செய்வா? பேயா?" என்றாள் அம்மா.

ஜூலை 14, ஞாயிறு

எழுதாமல் இருந்தால் தூக்கம் வராது போலிருக்கிறது.

கம்ப்யூட்டரில் உட்காருகிறவர்கள் இரண்டு பேர் இல்லை. மூன்று பேர். மத்தியானம் இரண்டிலிருந்து மூன்று வரை அப்பா தூங்குவார், அக்கா சாப்பிடப் போவாள். விடுமுறை நாளில் அந்த ஒரு மணி நேரம் கடையைப் பார்த்துக்கொள்வது நான்.

போன ஞாயிற்றுக்கிழமையும் நான்தான்.

போதும்.

ஜூலை 16, செவ்வாய்

அந்தப் பக்கத்தில் புதிதாக ஒரு வரி போட்டிருக்கிறார்கள். 'ஆயிரம் லைக் தாண்டியாச்சு. படம் அனுப்பிய புண்ணியவதிக்கு நன்றி.'

புண்ணியவதி.

இடைவேளையில் எல்லாரும் ஒருத்தியை ஒருத்தி பார்த்துக்கொண்டார்கள். "எவளோ பொம்பளப் பிள்ளதான்ட்டி" என்றாள் வகுப்புத் தலைவி ரெஜினா. "அந்த ஃபிளக்ஸ் கடை அக்காவா இருக்கும்" என்று ஒருத்தி சொன்னதும் எல்லாரும் ஆமாம் ஆமாம் என்றார்கள். எனக்கு மூச்சு வந்தது. மூச்சு வந்ததை நினைத்துக் கழிப்பறைக்குப் போய், மணி அடிக்கும்வரை கதவைச் சாத்திக்கொண்டு நின்றேன்.

'அஞ்சலி_2009' என்ற பெயரில் ஒரு கணக்கு இருந்தது. அதை அழித்தாயிற்று. அழித்தாலும் அவர்களிடம் இருக்குமா? யாரிடம் கேட்பது?

ஜூலை 17, புதன்

பேச்சியைத் திருப்பூருக்கு அனுப்பப் போகிறார்கள். அங்கே அவள் அத்தை இருக்கிறாள். பனியன் கம்பெனியில் பிசிறு வெட்டுகிற வேலை. திங்கட்கிழமை டிசி வாங்க அவள் அப்பா பள்ளிக்கு வருகிறார். பத்தாம் வகுப்பில் பாதிகூட ஆகவில்லை.

அவள் அம்மா என்னிடம் சொல்லி அழுதாள். "அவளே கேக்கா பிள்ள. இந்த ஊர்ல எல்லாப் பயலும் என் மூஞ்சியப் பாத்தாச்சு, அங்க யாருக்கும் தெரியாதுங்கா."

பேச்சி அழவில்லை. என் கையைப் பிடித்துக்கொண்டு, "ஒன்ன விட்டுட்டுப் போறதுதான் பிள்ள" என்றாள்.

இன்னும் ஐந்து நாள்.

ஜூலை 18, வியாழன்

முழுதும் எழுதிவிடுகிறேன். இந்த நோட்டிலாவது.

அன்று நான் பேச்சியின் படத்தைத் தேடிப் போகவில்லை. என் படத்தைத் தேடிப் போனேன். என் கணக்கில் நான் போடும் படங்களுக்குப் பதினான்கு, பதினைந்து பேர் இதயம் போடுவார்கள். ஒரு மணி நேரத்தில் இருபது வராவிட்டால் எடுத்துவிடுவேன். முகத்தை வெளுப்பாக்கும் ஃபில்டர் போட்டுத்தான் எடுப்பேன். முந்தின நாள் ஒருவன், "ஃபில்டர் இல்லாம ஒண்ணு போடேன், பயப்பட மாட்டோம்" என்று எழுதியிருந்தான். அதனால் என் சடங்கு ஃபிளக்ஸில் இருந்த முகத்தை எடுத்துப் போடலாம் என்று நினைத்தேன். அதில் நான் அழகாக இருப்பேன். அது ஃபில்டர் இல்லை, ஃபிளக்ஸ்தானே என்று நினைத்தேன்.

சடங்கு ஃபோல்டரில் என் பெயரில் மூன்று படங்கள் இருந்தன. 'வதனி ஃபைனல்.' 'வதனி ஃபைனல் 2.' 'வதனி ஃபைனல் 3.' முதலாவதில் கொஞ்சம் வெளுத்திருந்தேன். இரண்டாவதில் இன்னும். மூன்றாவதில் மூக்கும் சிறிதாகியிருந்தது. தெருமுக்கில் நின்றது மூன்றாவதுதான். அந்த வாரம் ஸ்டெல்லா அக்கா ஊரில் இல்லை, வேளாங்கண்ணிக்குப் போயிருந்தாள். செய்தது அப்பா. மூன்று தடவை உட்கார்ந்து செய்திருக்கிறார்.

பக்கத்து ஃபோல்டரில் பேச்சி. ஒரே ஒரு ஃபைனல். எனக்கு ஒட்டிய அதே உடம்புதான் அவளுக்கும். அதே பட்டுப்புடவை, அதே ஒட்டியாணம், அதே மயில். எத்தனை பிள்ளைகளுக்கு அந்த உடம்பு போயிருக்கிறது என்று தெரியாது. ஒரே உடம்பில் அவள் முகம், என் முகம். நிஜத்தில் அவளும் என் நிறம்தான். ஆனால் அவள் வெறும் முகத்தோடு வருகிறாள், நாற்பத்தோராயிரம் பேர் பார்க்கிறார்கள்.

அன்று காலையில்தான் குழாய்ச் சண்டை வீடியோவுக்குக் கீழே யாரோ, 'கேமரா யாரு? செமயா பிடிச்சிருக்காங்க' என்று கேட்டிருந்தார்கள். பேச்சி பதில் போட்டிருந்தாள். 'ஒரு செங்கல்லுதான். அதுல போனச் சாச்சு வச்சேன்.' பக்கத்தில் சிரிப்புப் பொம்மை.

கொதிக்கிற வெயிலில் மூன்று மணி நேரம் கை வலிக்கப் பிடித்திருந்தேன்.

அஞ்சலி_2009 என்ற பொய்ப் பெயரில் அவளுடைய இரண்டு படங்களையும் அந்தப் பக்கத்துக்கு அனுப்பினேன். இரண்டு நிமிஷம்கூட ஆகவில்லை.

ஜூலை 19, வெள்ளி

காலையில் அப்பாவிடம் சொல்லிவிட்டேன். கடைக் கதவைத் திறப்பதற்கு முன்னால், கீழே.

அவர் அடிப்பார் என்று கையைத் தலைக்கு மேல் வைத்துக்கொண்டேன். அவர் ஷட்டர் சாவியைப் பிடித்தபடி அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டார். பிறகு, "யாருகிட்டயாவது சொல்லிட்டியா?" என்று கேட்டார்.

"இல்லப்பா."

"சொல்லாத. கடையோட போயிரும். ஸ்டெல்லாவுக்கு எங்கயும் வேல கிடைக்கும். கைத்தொழில் தெரிஞ்ச பிள்ள."

"பேச்சி திருப்பூர் போறாப்பா."

"அது அவுக வீட்டு முடிவு."

எனக்குத் தைரியம் எங்கிருந்து வந்தது என்று தெரியவில்லை. "எனக்கு எதுக்குப்பா மூணு ஃபைனல்?" என்று கேட்டேன்.

அவருக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் ஷட்டரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார். "கடைக்காரன் மக. நாலு பேரு பாப்பாங்கல்லா" என்றார். பிறகு ஷட்டரைத் தூக்கினார்.

ஜூலை 20, சனி

பேச்சி வீட்டுக்குப் போனேன். மத்தியானம் கடையில் தனியாக இருந்தபோது, வெட்டி எறிந்த ஃபிளக்ஸ் துண்டில் என் படங்களை அச்சடித்து எடுத்துக்கொண்டேன். அசல் ஒன்று, பக்கத்தில் ஃபைனல் 3. எதற்கு என்று எனக்கே சரியாகத் தெரியவில்லை.

அவள் பின்பக்கம் கல்லில் துணி துவைத்துக்கொண்டிருந்தாள். ஊருக்கு எடுத்துப் போக வேண்டிய துணிகள். நான் நின்றுகொண்டே சொன்னேன்.

"அனுப்பினது நாந்தான். ஸ்டெல்லா அக்கா இல்ல. நான்."

அவள் தாவணியைப் பிழிந்துகொண்டே இருந்தாள். தண்ணீர் நின்ற பிறகும் பிழிந்தாள்.

"வெளையாடாத" என்றாள்.

"வெளையாடல."

"எதுக்கு?"

"செங்கல்லுன்னு எழுதினேல்லா."

அவள் என்னைப் பார்த்தாள். அவளுடைய எல்லா முகமும் எனக்குத் தெரியும், நான்தானே படம் பிடித்தவள். இது எனக்குத் தெரியாத முகம்.

"என் பேரப் போட்றாத, எங்கப்பா கொன்னுருவாருன்னு சொன்னது யாரு?"

நான்தான். போன வருடம், முதல் வீடியோ எடுத்த அன்றைக்கு. அதை இந்த நோட்டில் எழுதாமலே விட்டிருந்தேன்.

"ஒன்னக் காப்பாத்தத்தான் பிள்ள எழுதினேன்."

ஃபிளக்ஸ் துண்டை எடுத்து நீட்டினேன். அவள் பார்த்தாள். இரண்டு படத்தையும் பார்த்தாள்.

"இத எதுக்குக் கொண்டாந்த? நான் இப்ப ஒன்னையப் பாத்துச் சிரிக்கணுமா?"

"இல்ல..."

"என் மடியில வந்து அழப் போறியா? நான் ஒன் மடியில படுத்தேன். நீ பேசாம இருந்த. போ வதனி. போயிரு."

திரும்பினால் மாடசாமி மாமா கதவருகே நின்றிருந்தார். எவ்வளவு நேரமாக என்று தெரியாது. அவரும் அடிக்கவில்லை. தோளில் கிடந்த துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தார்.

"அந்த டிசைன் பிள்ள வீடு தெரியுமா ஒனக்கு?"

தலையாட்டினேன்.

"வா. அவ மூஞ்சியப் பாத்துச் சொல்லு. நானும் அந்தப் பிள்ளையச் சந்தேகமாப் பாத்துட்டு வந்திருக்கேன்."

அவருடைய சைக்கிளில் பின்னால் உட்கார்ந்து போனேன். மேடு வந்ததும், "எறங்கு தாயி" என்றார். அந்தத் தாயி என்ற வார்த்தையில்தான் எனக்கு அழுகை வந்தது.

ஸ்டெல்லா அக்கா நின்றபடி கேட்டாள். உட்காரச் சொல்லவில்லை. அவள் அம்மா உள்ளேயிருந்து, "யாரு வந்திருக்கா?" என்று கேட்டுக்கொண்டே இருந்தாள்.

"ஒங்கப்பாவுக்குத் தெரியுமா?"

"தெரியும்."

"என்னைக்கி?"

"நேத்து காலையில."

"நேத்து காலையிலருந்து இப்ப வரைக்கும் ஒரு போன் வரல" என்றாள். என்னிடம் சொன்னதுபோல் இல்லை.

ஜூலை 21, ஞாயிறு

அப்பா ஸ்டெல்லா அக்கா வீட்டுக்குப் போய் வந்தார். அவள் வர மாட்டேன் என்றுவிட்டாளாம். அவர் கொண்டுபோன பழப்பை அப்படியே திரும்பி வந்திருந்தது. அம்மா அதை எடுத்து வைக்கவில்லை, நானும் எடுக்கவில்லை. என் போனை வாங்கி அலமாரியில் வைத்துப் பூட்டிவிட்டார்கள். இன்று மண்ணெண்ணெய் விளக்கு.

நாளை டிசி.

ஜூலை 22, திங்கள்

முதல் பிரிவேளை முழுக்க வாசலையே பார்த்துக்கொண்டிருந்தேன். மாடசாமி மாமா வரவில்லை.

பதினொரு மணிக்குப் பேச்சி வந்தாள். சீருடையில், எண்ணெய் வைத்து இரட்டைச் சடை பின்னி. டீச்சர், "என்னம்மா, ரெண்டு வாரமா ஆளையே காணோம்?" என்றார்.

"ஃபேமஸ் ஆயிட்டேன் டீச்சர். அதான் டைம் கெடைக்கல" என்றாள்.

வகுப்பே சிரித்தது. இந்தத் தடவை அது வேறு சிரிப்பு. அவள் சிரிக்கவில்லை.

எங்கள் பெஞ்சிலிருந்து என் பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டேன். அவள் என்னைத் தாண்டிப் போய் மூன்றாவது பெஞ்சில் ரெஜினா பக்கத்தில் உட்கார்ந்தாள்.

ஜூலை 25, வியாழன்

பேச்சி திருப்பூருக்குப் போகவில்லையாம், "நான் எதுக்கு ஓடணும்?" என்று வீட்டில் சொல்லிவிட்டாளாம். 'பேச்சி பேசுதா'வில் புதிய வீடியோ. ரெஜினாவின் போனில், மற்றவர்கள் தோளுக்குப் பின்னால் நின்று பார்த்தேன். அதில் அவள் யாரைப்போலவும் பேசவில்லை.

"என் படத்தக் குடுத்தது அந்தக் கடையில வேல பாத்த அக்கா இல்ல. இன்னொரு வாட்டி எவளாச்சும் அந்த அக்கா பேரச் சொன்னா, எங்கிட்ட வாங்க. குடுத்தது யாருன்னு எனக்குத் தெரியும். சொல்ல மாட்டேன். நான் சொன்னா அவளையும் ரெண்டு படமாப் போட்டுச் சிரிப்பீங்க. அது எனக்கு வேண்டாம்."

அவ்வளவுதான். நாற்பது விநாடி.

படம் ஒரு பக்கமாகச் சாய்ந்திருந்தது. அவள் நெற்றி பாதி வெளியே போயிருந்தது. பேசும்போது அவள் இடது பக்கம் நகருவாள், அது எனக்குத் தெரியும், நான் கூடவே நகர்வேன். இதில் யாரும் நகரவில்லை.

ஆகஸ்ட் 4, ஞாயிறு

ஸ்டெல்லா அக்கா பஸ் ஸ்டாண்டு பக்கம் வேறு கடையில் சேர்ந்திருக்கிறாள். அப்பா இப்போது தானே டிசைன் செய்கிறார். இன்று ஒரு அம்மா வந்து, "பாப்பாவக் கொஞ்சம் கலரா..." என்று தொடங்கினாள். அப்பா தரையில் உட்கார்ந்திருந்த என்னை ஒரு தடவை பார்த்தார். பிறகு, "சரிம்மா" என்றார். நான் வளையம் அடித்தேன்.

போன் திரும்பக் கிடைத்தது. என் கணக்கில் இருந்த படங்களைப் பார்த்தேன். எடுக்கவும் இல்லை, புதிதாகப் போடவும் இல்லை.

பேச்சி இன்று ஒரு வீடியோ போட்டிருந்தாள். பழையபடி மினி பஸ் கண்டக்டர். நன்றாக இருந்தது. இன்னும் சாய்ந்துதான் இருந்தது. கீழே யாரோ கேட்டிருந்தார்கள், 'கேமரா யாருப்பா? முன்ன நல்லா இருந்துச்சே?'

அவள் பதில் போட்டிருந்தாள்.

'செங்கல்லு.'

பக்கத்தில் சிரிப்புப் பொம்மை இல்லை.